அரசு வழக்கறிஞரை யார் நியமிப்பது?
2024 ஜூலை 5 அன்று பெரம்பூரில் ஆம்ஸ்ட்ராங் கொல்லப்பட்டபோது, இராயபுரம் முதல் எண்ணூர் வரை நாம் நீதி கேட்டோம். அந்த நீதி, அரசுத் தரப்பில் வாதாடுபவர் யார் என்பதையும் பொறுத்தது.

அரசியல் வழக்குகளுக்குச் சிறப்பு அரசு வழக்கறிஞர் இருந்தால், ஒரே வழக்கில் ஊன்றிச் சாட்சிகளைத் தயார்செய்யலாம். ஆனால் அவரை நியமிப்பதும் அரசே. ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கு 2003இல் கர்நாடகத்துக்கு மாற்றப்பட்டது. ஆயினும், மேல்முறையீட்டில் பவானி சிங்கை நியமித்தது தமிழ்நாடு அரசு. அந்த அதிகாரம் அதற்கில்லை என்று 2015 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறுமுன் வாதங்களே முடிந்துவிட்டன.

வன்கொடுமை வழக்குகளில் நமக்கு ஒரு வழி உண்டு. 1995 விதிகளின் 4(5), பாதிக்கப்பட்டோர் விரும்பினால் மூத்த வழக்கறிஞரை மாவட்ட ஆட்சியர் அமர்த்த இடமளிக்கிறது. விசாரணை தொடங்குமுன்பே அதை எழுத்தில் கேட்போம்.