ஃபார்முலா மாருதி

ஃபார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை 1980களின் பிற்பகுதியில் உருவாக்கியவர் கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் (1954–1995). வெளிநாட்டுப் பந்தயக் கார்களை இறக்குமதி செய்வது பெருஞ்செலவாக இருந்த காலம் அது. மாருதி 800-இன் மூன்று சிலிண்டர், 796 சிசி எஞ்சின் இதில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் இடம்பெற்றது. எஞ்சின் உதிரிபாகங்கள் சாதாரணக் கடைகளிலேயே கிடைத்தன. வேகத்தைவிட இதுவே இந்தக் காரின் பெரிய பலம்.

சென்னைக்கு அருகே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்துவந்த பந்தயங்கள் பின்னர் பூந்தமல்லிக்கு மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டைக்கு மாறின. அங்குள்ள மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடத்தின் நீளம் சுமார் 3.7 கி.மீ. ஃபார்முலா மாருதியில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா 1-இல் பந்தயம் ஓட்டிய முதல் இந்தியரானார்.

இத்தகைய பழைய பந்தயக் கார்களைக் காப்பதில் முதல் எதிரி சென்னையின் ஈரக்காற்று. இரும்புச் சட்டகத்தில், குறிப்பாகப் பற்றவைத்த இணைப்புகளில், துரு சீக்கிரம் ஏறும். கண்ணாடியிழை மேற்கூடு துருப்பிடிக்காது. ஆனால் வெயிலில் வெளுத்து விரிசல் விடும். மூலப் பெயின்டைச் சுரண்டாமல் விடுவதே நல்லது. கார்புரேட்டரில் பிசின் படியாதிருக்கப் பெட்ரோலை வடித்துவிடுவர். டயர்கள் ஒரே பக்கம் தட்டையாகாதபடி காரைத் தாங்கிகளின் மேல் நிறுத்துவர்.