கடைசி இடம் வந்தவர் போட்ட பிள்ளையார் சுழி

ஞாயிற்றுக்கிழமை மாலையில் குகட்பள்ளியில் நம்மவர்கள் தங்கியிருக்கும் அறைகளை எட்டிப் பார்த்தால், எங்காவது ஒரு மூலையில் சதுரங்க அட்டை விரிந்திருக்கும். ஆடுபவர்கள் இருவர், யோசனை சொல்பவர்கள் நால்வர்! அந்த 64 கட்டங்களில் தமிழர் உலகப் புகழ் பெற்ற கதை விசித்திரமானது.

முதல் பட்டம்

மானுவேல் ஆரோன் 1935-ம் ஆண்டு பர்மாவில் பிறந்தவர், வளர்ந்தது தமிழ்நாட்டில். 1961-ல் ஆஸ்திரேலிய வீரர் பர்டியை 3-0 என்ற கணக்கில் தோற்கடித்தார். பர்டி லேசுப்பட்டவர் அல்ல. தபால் மூலம் ஆடும் சதுரங்கத்தில் உலகின் முதல் சாம்பியன் அவர்தான். இந்த வெற்றியால் ஆரோனுக்கு 'சர்வதேச மாஸ்டர்' பட்டம் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

23 பேரில் கடைசி

மறு ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரில் பெரிய போட்டி. 23 வீரர்கள் மோதினார்கள். அமெரிக்காவின் பாபி பிஷர் முதல் இடம். ஆரோனுக்கோ கடைசி இடம்!

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். அதே போட்டியில் ஹங்கேரியின் போர்டிஷ், கிழக்கு ஜெர்மனியின் உல்மன் என்ற இரண்டு கிராண்ட்மாஸ்டர்களை அவர் மண்ணைக் கவ்வ வைத்தார்.

இந்தியாவுக்கு இரண்டாவது சர்வதேச மாஸ்டர் கிடைக்க 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவரும் தமிழரே: வி.ரவிக்குமார். இடைப்பட்ட 17 ஆண்டுகளும் ஆரோன் தனி மரம். ஆனாலும் அவர் சோர்ந்துவிடவில்லை. மொத்தம் 9 முறை தேசிய சாம்பியன் ஆனார். சென்னை சோவியத் கலாசார நிலையத்தில் 1972-ல் சதுரங்க மன்றம் உருவாகவும் பாடுபட்டார்.

ஐதராபாத்தில் வெற்றி

அந்த மன்றத்தில் ஆடிப் பழகிய சிறுவன்தான் விசுவநாதன் ஆனந்த். 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2002-ல் நம் ஐதராபாத்திலேயே உலகக் கோப்பைப் போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தில் உஸ்பெகிஸ்தானின் காசிம்ஜானோவை வென்று ஆனந்த் கோப்பையைத் தட்டிச் சென்றார்.

இங்கே தோற்ற காசிம்ஜானோவ் 2004-ல் உலக சாம்பியன் ஆனார். பிறகு 2008, 2010, 2012 ஆண்டுகளில் ஆனந்த் உலகப் பட்டத்துக்கு ஆடியபோது, அவருக்கு ஆட்டம் தயாரித்துக் கொடுக்கும் உதவியாளராக வந்தார்!

2024-ல் சென்னை குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். 22 வயதில் பட்டம் வென்ற காஸ்பரோவின் 1985-ம் ஆண்டு சாதனை உடைந்தது.

இத்தனைக்கும் பிள்ளையார் சுழி போட்டவர், ஸ்டாக்ஹோமில் கடைசி இடம் வந்த மனிதர். எனவே, இன்று அறையில் தோற்றவரைக் கேலி செய்யாதீர்கள். அடுத்த ஞாயிறும் அவரை ஆட்டத்துக்குக் கூப்பிடுங்கள்!