கேரவனில் மணாலி – லே நெடுஞ்சாலை

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிவறை ஆகியவற்றைத் தன்னுள் கொண்டு ஓடும் ஊர்தியைக் கேரவன் என்கிறோம். திரைப்படப் படப்பிடிப்புத் தளங்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த இவ்வூர்தி, அண்மைக் காலத்தில் சுற்றுலாவிலும் இடம்பெறத் தொடங்கியுள்ளது. விடுதியைத் தேட வேண்டியதில்லை, விரும்பிய இடத்தில் தங்கலாம் என்பதே இதன் கவர்ச்சி. சமவெளிக்குப் பொருந்தும் இக்கூற்று இமயமலையின் உட்புறச் சாலைகளுக்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது ஆராயத்தக்கது. இதற்கு மணாலி – லே நெடுஞ்சாலை சிறந்த எடுத்துக்காட்டாகும்.

ஏறத்தாழ 430 கி.மீ. நீளமுள்ள இச்சாலை, இமாசலப் பிரதேசத்தின் குலு பள்ளத்தாக்கை லடாக்குடன் இணைக்கிறது. 2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்ட 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதை, ரோத்தங் கணவாயைச் சுற்றிச் செல்லும் தொலைவில் 46 கி.மீ. குறைத்தது. ஆயினும் பாரலாச்சா, லாச்சுலுங், தங்லங் போன்ற கணவாய்கள் வழியில் உள்ளன. தங்லங் கணவாயின் உயரம் 5,328 மீட்டர். அங்குக் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதியே. பனிக்காலத்தில் சாலை மூடப்பட்டுவிடும்.

எரிபொருளை முதலில் கவனிக்க வேண்டும். சந்திரா, பாகா ஆறுகள் கூடும் தாண்டி என்னும் சிற்றூரில் உள்ள நிலையத்தின் பலகை, அடுத்த நிலையம் 365 கி.மீ. தொலைவில் உள்ளதாக நெடுங்காலம் பயணிகளை எச்சரித்து வந்துள்ளது. லிட்டருக்கு 8 கி.மீ. ஓடும் ஊர்தி என்று கொண்டால் இத்தொலைவுக்கு 46 லிட்டர் தேவை. ஆனால் மெல்லிய காற்றில் பொறியின் ஆற்றல் குன்றும். ஏற்றங்களில் கீழ்ப்பல்லிலேயே ஊர வேண்டியிருக்கும். எனவே கணக்கிட்ட அளவுக்கு மேலும் கையிருப்பு வேண்டும். சமையலும் எளிதன்று. 4,300 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 86 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடுவதால், குக்கர் இன்றிப் பருப்பு வேகாது. பனியுருகும் ஓடைகள் சாலையின் குறுக்கே பாயும் இடங்களும் உண்டு. வெயில் ஏற ஏற நீர் பெருகி மாலையில் உச்சத்தை அடையும். காலையில் முழங்கால் அளவு ஓடும் நீர் மாலையில் ஊர்தியை நிறுத்திவிடக்கூடும். ஆதலின் ஓட்டுநர்கள் விடியற்காலையிலேயே புறப்படுகின்றனர்.

இவை யாவும் ஊர்தியைப் பற்றியவை. உள்ளே உறங்கும் மனிதரைப் பற்றிய கேள்வியே பெரிது. மூவாயிரம் மீட்டருக்கு மேல் சென்றபின், உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது என்பது மருத்துவர்களின் பொது அறிவுரை. ஜிஸ்பாவின் உயரம் ஏறத்தாழ 3,200 மீட்டர். அதற்கு அடுத்து வழக்கமாகத் தங்கும் இடமான சர்ச்சு 4,290 மீட்டர். ஒரே நாளில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம்! இடையே தங்குவதற்கு ஏற்ற ஊர் இல்லை. எங்கும் நிறுத்தலாம் என்ற எண்ணத்தில் சர்ச்சுச் சமவெளியில் ஊர்தியை நிறுத்தி உறங்குவோர், தலைவலி, குமட்டலுடன் நள்ளிரவில் விழித்தெழுவது வியப்பன்று. நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்தால் உயிருக்கே ஆபத்து. உடனே கீழே இறங்குவதே முதல் மருந்து. சர்ச்சுவிலிருந்து எப்பக்கம் செல்வதாயினும் முதலில் கணவாய் ஏற வேண்டும் என்பதை நினைவில் கொள்க. இதனால்தான் அனுபவமுள்ளோர் ஸ்ரீநகர், கார்கில் வழியாகப் படிப்படியாக ஏறி, லேயில் சில நாள் தங்கி உடலைப் பழக்கிக்கொண்டு, மணாலி வழியே திரும்புகின்றனர். ஸ்ரீநகர்ச் சாலையின் மிக உயர்ந்த இடமான போத்து கணவாயே 4,108 மீட்டர்தான்.

சர்ச்சுவைக் கடந்ததும் 21 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட காட்டா ஏற்றம் தொடங்குகிறது. நீண்ட கேரவன் இங்கு எதிர்வரும் சரக்கு ஊர்திகளுக்கு இடையூறாகும். சிறிய ஊர்தியே ஏற்றது. பாங்கைத் தாண்டினால் மோரே சமவெளி. சாங்பா மேய்ப்பர்கள் பஷ்மினா ஆடுகளுடன் நடமாடும் மேய்ச்சல் நிலம் இது. யாக் எருதின் முடியால் நெய்த கூடாரத்தைப் பெயர்த்துச் சுமந்து செல்லும் இம்மக்கள், வீட்டோடு பயணம் செய்வதில் கேரவன்காரர்களுக்குப் பல தலைமுறை முந்தியவர்கள்.

பனி நீர் விரிசல்களில் புகுந்து உறைந்து விரிவதால் தார்ப்பரப்பு ஆண்டுதோறும் பெயர்கிறது. 1960-இல் தோன்றிய எல்லைச் சாலைகள் அமைப்பு இதனைச் செப்பனிடுகிறது. லடாக்கின் சாலைப் பணிகளுக்கு ஜார்க்கண்டின் தும்கா வட்டாரத்திலிருந்து தொழிலாளர்கள் நெடுங்காலமாக வந்து உழைக்கின்றனர். 2020 மே மாத இறுதியில், ஊரடங்கினால் அங்குச் சிக்கிய 60 ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் விமானம் மூலம் ஊர் திரும்பியபோதுதான் பலர் இவர்களைப் பற்றி அறிந்தனர். கேரவன் பயணி ஓரிரவு தாங்கும் குளிரை இவர்கள் கூடாரங்களிலும் தகரக் கொட்டகைகளிலும் ஒரு பருவம் முழுவதும் தாங்குகின்றனர்.

இனி, கழிவு. கேரவனின் கழிவறைத் தொட்டி இரண்டு மூன்று நாளில் நிறைந்துவிடும். குளிர்ந்த வறண்ட மண்ணில் கழிவு மிக மெதுவாகவே மட்கும். சர்ச்சுவில் கொட்டப்படுவது சாரப் ஆற்றில் கலந்து, ஜான்ஸ்கார் வழியே சிந்துவை அடையும். கேரள அரசு 2021-இல் வெளியிட்ட கேரவன் சுற்றுலாக் கொள்கை, ஊர்திகளோடு அவை நிற்கும் பூங்காக்களையும் சேர்த்தே கருதியது. இங்கும் அத்தகைய ஏற்பாடு தேவை. ஆனால் இடத்தேர்வு வேறாக இருக்க வேண்டும். காட்சிக்கு இனிய சர்ச்சுவைவிட, ஆண்டு முழுவதும் மக்கள் வாழும் கேலாங், ஜிஸ்பா பகுதியே பொருத்தமானது. எதிர்முனையான லேயில் கழிவறைக் கசடைச் சுத்திகரிக்கும் நிலையம் 2017-இல் அமைந்தது. இடைப்பட்ட தொலைவில் தொட்டியைத் திறக்காமல் அதுவரை சுமந்து செல்வது பயணியின் பொறுப்பு.