கடையில் கொடுத்த இலக்கம்

"அக்கா, நான் ஒண்டும் சொல்லேல்லை. என்ர பேர், ஐ.சி. நம்பர், எந்தக் கடையில சாமான் வாங்கிறனான் எண்டதெல்லாம் அவனே சொன்னான். பிறகு எப்பிடி நம்பாமல் விடுறது?"

கிளிநொச்சியில் தையல் வேலை செய்யும் சகோதரி ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். கடையின் பரிசு விழுந்திருப்பதாகக் கூறியவன், பணம் போடுவதற்கென்று வங்கிக் கணக்கிலக்கத்தை வாங்கியிருக்கிறான். பின்னர் கைத்தொலைபேசிக்கு வந்த இரகசிய இலக்கத்தையும் கேட்டு வாங்கிவிட்டான். மகளின் படிப்புக்குச் சேர்த்த பணம் போய்விட்டது. வெட்கத்தில் இரண்டு நாட்கள் எவரிடமும் அவர் வாய் திறக்கவில்லை.

கடையின் புள்ளி அட்டைக்காக அவர் நிரப்பிய படிவத்திலிருந்துதான் விபரம் போனதா என்பதை எம்மால் நிரூபிக்க முடியவில்லை. ஆனால் கடைகளிலிருந்து வாடிக்கையாளர் விபரம் களவு போவது நடக்காத காரியமல்ல. 2013ஆம் ஆண்டு நத்தாரை அண்டிய நாட்களில் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் ஏறத்தாழ 4 கோடி வங்கி அட்டைகளின் விபரங்கள் திருடப்பட்டன. 7 கோடி பேர் வரையிலானோரின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் முதலியனவும் போயின. திருடர்கள் உள்ளே நுழைந்தது, கடைக்குக் குளிரூட்டி வேலை செய்த ஒரு சிறிய நிறுவனத்தின் கடவுச்சொல்லைக் கொண்டு! அட்டையை இரத்துச் செய்து புதிது வாங்கலாம். பெயரையும் முகவரியையும் அப்படி மாற்ற முடியுமா?

எமது அடையாள அட்டை இலக்கமோ இன்னும் கூடுதலாகப் பேசும். பழைய அட்டையின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அத்துடன் 500 கூட்டப்படும். 78510 என்று தொடங்கினால், 1978 ஜனவரி 10இல் பிறந்த பெண் என்பது பார்த்தவுடனேயே தெரியும். பிறந்த ஆண்டையே வங்கி அட்டைக்கு இரகசிய இலக்கமாக வைத்திருப்பவர்கள் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

இடம்பெயர்ந்த நாள் தொடக்கம் நிவாரணம், முகாம், வீட்டுத்திட்டம், காணாமற்போனோர் விபரம் என்று எத்தனை படிவங்களில் எழுதிக் கொடுத்திருப்போம்! "ஏன்?" என்று கேட்டால் பெயரை வெட்டிவிடுவார்களோ என்ற பயம் எங்களுக்குள் ஊறிவிட்டது. அந்தப் பயத்தைக் கடைக்கும் கொண்டுபோக வேண்டாம். சீனி வாங்க அடையாள அட்டை தேவையில்லை. பிரதி கொடுத்தே ஆகவேண்டிய இடத்தில், எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் திகதியையும் அதன் குறுக்கே எழுதிக் கொடுங்கள்.

விபரம் போய்விட்டதென்று தெரிந்தால் முதலில் வங்கிக்கு அறிவியுங்கள். இதில் மணித்தியாலங்கள் முக்கியம். அடுத்து பொலிசில் முறைப்பாட்டைப் பதிந்து அதன் இலக்கத்தை வாங்கி வையுங்கள். கைத்தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தை எந்த வங்கியும் தொலைபேசியில் கேட்காது. உங்கள் பெயரையும் ஐ.சி. நம்பரையும் சரியாகச் சொல்கிறான் என்பதற்காக அவன் வங்கிக்காரன் ஆகிவிடமாட்டான்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், எமது விபரங்களை அழிக்கும்படி கேட்கும் உரிமையைப் பற்றிப் பேசுகிறது. படிப்படியாக நடைமுறைக்கு வரும்படியே அது இயற்றப்பட்டது. என்றாலும் கேட்பதற்கு அதுவரை காத்திருக்க வேண்டுமா என்ன?

அந்தச் சகோதரியின் பணம் இன்னும் கிடைக்கவில்லை. நாங்கள் இருவரும் அந்தக் கடைக்கு மூன்று தரம் போனோம். மூன்றாம் தரம்தான் முகாமையாளர் படிவத்தைத் தேடியெடுத்தார். அடையாள அட்டை இலக்கத்தைத் தன் கண்முன்னே வெட்டும்வரை அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை.