கோடை ஓய்வும் புதுவருஷச் சாகுபடி ஏற்பாடுகளும்

சம்பா, தாளடி அறுவடை முடிந்து, தரிசில் தெளித்த உளுந்தும் பயறும் வீடு வந்து சேர்ந்தபின், காவிரி டெல்டாவின் நஞ்சை நிலங்களில் பங்குனி முதல் வைகாசி வரை வேலை ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஆற்றில் தண்ணீர் இராது, வெயிலும் கடுமை. கோயில் உற்சவங்களும் கலியாணங்களும் பெரும்பாலும் இந்நாட்களிலேயே நடைபெறுகின்றன. வருஷம் முழுவதும் உழைத்தவர்கள் இக்காலத்தில் இளைப்பாறுவது நியாயமே. ஆயினும், இவ்வோய்வு நாட்களில் பத்துப் பதினைந்தையேனும் வரும் சாகுபடிக்கென ஒதுக்கியவருக்கும் ஒதுக்காதவருக்கும் உள்ள வித்தியாசம் குறுவை அறுவடையின்போது களத்தில் வெளிப்படையாகத் தெரியும்.

இதன் காரணத்தை விளக்குவோம். குறுவை நெல்லின் வயது 105 முதல் 120 நாட்கள் வரை. ஆனியில் விதைத்தால் வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்கு முன் அறுத்துவிடலாம். விதைப்பு இரண்டு வாரம் பிந்தினால், கதிர் முற்றும் காலமும் ஐப்பசி மழையும் ஒன்றாக வந்து சேரும். பயிர் சாய்ந்து, நெல் வயலிலேயே முளைக்கும். பின்தொடரும் தாளடியும் தாமதப்படும்.

மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. அதிலிருந்து பாசனத்துக்கு ஜூன் 12ஆம் தேதி தண்ணீர் விடுவது வழக்கம். ஆனால் அத்தேதியை மாத்திரம் நம்பியிருத்தல் கூடாது. 2022இல் மே 24ஆம் தேதியே அணை திறக்கப்பட்டது. 2024இலோ ஜூலை 28ஆம் தேதிதான் திறக்கப்பட்டது. தண்ணீர் வரும் நாள் குடியானவர் கையில் இல்லை. எந்நாள் வந்தாலும் அன்றே வேலை தொடங்க ஆயத்தமாயிருப்பது மாத்திரமே அவர் கையில் உள்ளது. ஆகவே, தண்ணீர் வந்தபின் செய்ய இயலாத வேலைகள் எவையோ அவற்றையே கோடையில் முதலில் முடித்துக்கொள்ள வேண்டும். அவற்றுள் முக்கியமானவை கீழே கூறப்படுகின்றன.

1. கோடை உழவு

சித்திரையிலும் வைகாசியிலும் பெய்யும் கோடை மழையை வீணாக்காமல், மண் பதமாயிருக்கும்போதே உழுதுவிட வேண்டும். சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்பது நம் முன்னோர் வாக்கு. ஒரு பலப் புழுதி கால் பலமாகும்படி உலரவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாமென்று திருவள்ளுவரும் உழவு அதிகாரத்தில் கூறியிருக்கிறார். எருவே வேண்டாமென்று இதற்குப் பொருள்கொண்டு இருந்துவிடக் கூடாது. எனினும் இதில் உண்மை உண்டு. நன்றாக உலர்ந்த மண் மீண்டும் நனையும்போது, அதிலுள்ள மட்குப்பொருள் விரைவில் சிதைந்து தழைச்சத்து வெளிப்படுகிறது. மேலும், நெல்தாளில் தங்கியிருக்கும் குருத்துப்பூச்சியின் புழுக்களும் கூட்டுப்புழுக்களும் வெயிலிலும் பறவைகளாலும் அழிகின்றன. கோரைக்கிழங்குகள் மேலே வந்து காய்ந்துபோகின்றன. சேற்றுழவில் இப்பலன்கள் கிடைப்பதில்லை.

2. மண் பரிசோதனை

எரு இடுவதற்கு முன் மண்ணைச் சோதித்து அறிவதே முறை. வரப்போரம், வாய்க்காலோரம், மரநிழல், எருக்குவியல் கிடந்த இடம் ஆகியவற்றை விலக்கி, ஒரே தன்மையுள்ள வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் மாதிரி எடுக்க வேண்டும். மேற்பரப்பிலுள்ள தாளையும் சருகையும் நீக்கி, ஆங்கில ‘வி’ எழுத்தின் வடிவமாக 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, குழியின் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாகச் சுரண்டி எடுக்கவும். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நான்கு பாகமாக்கி, எதிரெதிர்ப் பாகங்களைத் தள்ளவும். இவ்வாறே திரும்பத் திரும்பச் செய்து, அரை கிலோ எஞ்சியதும் நிழலில் உலர்த்தித் துணிப்பையில் இடவும். சர்வே எண், முன் பயிர், இனி வைக்கும் பயிர் ஆகியவற்றைச் சீட்டில் எழுதி உடன் வைக்க வேண்டும். கோடையிலேயே அனுப்பினால்தான், உரம் வாங்கும் சமயத்துக்குள் முடிவு கைக்கு வரும்.

3. விதை

ஏக்கருக்குக் குறுவை விதை சுமார் 24 கிலோ தேவை. விதை முளைக்கவில்லை என்பதை நாற்றங்காலில் தெரிந்துகொள்பவர், மாற்று விதை தேடி நாற்று விடுவதற்குள் பருவத்தை இழக்கிறார். நூறு நெல்லை எண்ணி, ஈரச் சாக்கில் வரிசையாகப் பரப்பிச் சுருட்டி, காயாமல் தண்ணீர் தெளித்து வந்தால், ஏழெட்டு நாட்களில் உண்மை விளங்கிவிடும். சான்று பெற்ற நெல் விதைக்கு விதிக்கப்பட்ட குறைந்த அளவு நூற்றுக்கு 80. அதற்குக் குறைந்தால் வேறு விதை தேடுவதே நலம். சில ரகங்களுக்கு அறுத்த சில வாரங்கள் வரை உறக்கம் உண்டு. அப்போது சோதித்தால் நல்ல விதையும் கெட்டதுபோலத் தோன்றும். ஆகையால் சித்திரையில் சோதிப்பது பொருத்தமானது. விதையின் ஈரம் நூற்றுக்கு 13க்கு மேற்படாமல் காலை, மாலை வெயிலில் காயவைக்க வேண்டும், உச்சிவெயில் ஆகாது.

4. தொழுவுரமும் தழையுரமும்

ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் சிபாரிசு செய்யப்படுகிறது. வண்டியில் ஏற்றிச் சென்று வயலில் சிறு குவியல்களாக வெயிலில் விட்டுவைப்பது பலர் வழக்கம். இதனால் தழைச்சத்தில் ஒரு பகுதி காற்றோடு போய்விடுகிறது. பரப்பிய அன்றே உழுது மூடிவிட வேண்டும். வடிமுனைக் குழாய்க் கிணறு உள்ளவர்கள் சித்திரையில் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, சுமார் 45 நாட்களில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழலாம். வறட்சி தாங்கும் கொழிஞ்சி, கிணறு இல்லாதவர்க்கும் உதவும்.

5. வாய்க்கால்கள்

மேற்கூறியவை அவரவர் நிலத்து வேலை. இதுவோ ஊர் வேலை. வாய்க்காலில் ஓரிடத்தில் மண்மேடும் ஆகாயத்தாமரையும் அடைத்திருந்தால் தலைமடைக்காரருக்கு நஷ்டமில்லை. கடைமடைக்காரருக்கு நாற்றங்காலே இல்லை. முன்னாளில் குடிமராமத்து என்னும் வழக்கப்படி ஊரார் கூடிக் கோடையில் வாய்க்கால் வெட்டினர். அவ்வழக்கத்தை அனுசரித்துச் சென்னை மாகாணத்தில் 1858இல் சட்டமும் இயற்றப்பட்டது. இக்காலத்தில் கிராம அலுவலரும் பாசனதாரர் சிலரும் புலப்படத்துடன் வாய்க்காலை ஒரு நாள் முழுவதும் நடந்து பார்த்து, உடைந்த மதகுகளையும் தூர்ந்த இடங்களையும் ஆக்கிரமிப்புகளையும் குறித்துக்கொள்ளட்டும். எது ஊராரால் ஆகும், எது நீர்வளத்துறையால் ஆக வேண்டும் என்று பிரித்து, பின்னதை எழுத்துமூலம் உடனே தெரிவிக்க வேண்டும். தண்ணீர் வந்தபின் எழுதும் மனுவால் அவ்வருஷத்துக்குப் பயனில்லை.

6. கணக்கும் பத்திரமும்

பசலி வருஷம் ஜூன் 30ஆம் தேதி முடிகிறது. வருவாய்த் தீர்வாயம், அதாவது ஜமாபந்தி, பெரும்பாலும் அதற்கு முந்திய வாரங்களில் நடைபெறும். தகப்பனார் காலமாகிப் பல ஆண்டுகளாகியும் அவர் பெயரிலேயே பட்டா இருந்துவரும் குடும்பங்கள் அநேகம். வெள்ளத்தால் பயிர் அழிந்த வருஷத்திலேதான் இதன் விளைவு தெரிகிறது. கடனுக்கும் காப்பீட்டுக்கும் நிவாரணத்துக்கும் பட்டாவும் அடங்கலும் கேட்கப்படும்போது, உழுதவர் பெயர் அவற்றில் இராது. பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980இல் ஒழிந்தன. இன்று இப்பொறுப்பு கிராம நிர்வாக அலுவலரைச் சார்ந்தது. அவர் இத்தகைய பட்டாக்களைக் கோடையிலேயே கண்டறிந்து, வாரிசுதாரரை மனுச் செய்யத் தூண்டுவாரானால், அது பேருதவியாகும்.

நிலக்காரர் தம் வரவுசெலவையும் ஒரு மாலைப்பொழுதில் எழுதிப் பார்க்க வேண்டும். விதை, உழவு, நடவு, உரம், மருந்து, அறுவடை இயந்திர வாடகை ஆகியவற்றை வயல்வாரியாக எழுதி, ஒவ்வொரு வயலின் கண்டுமுதலையும் எதிரே குறித்தால், எவ்வயல் செலவைத் தின்கிறது என்பது தெரியவரும். அவ்வயலின் மண்ணையே முதலில் சோதனைக்கு அனுப்புக.

இவற்றுள் எதற்கும் பெரும் பொருட்செலவு இல்லை, வேண்டுவது காலமே. அக்காலம் கோடையில்தான் நமக்குக் கிடைக்கிறது. அணை முன்கூட்டித் திறந்தாலும் பின்தள்ளித் திறந்தாலும், வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்றே நாற்றங்காலில் விதை விழும்படி ஒவ்வொரு கிராமமும் ஆயத்தமாயிருக்குமாக.