தைக்குள் மூன்று கிலோ

எடையைக் குறைக்க முடிவெடுத்தவர்களிடம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பத்து கிலோ என்பார்கள். அண்ணியும் அதைத்தான் சொன்னார். இப்போது ஆடி, தையில் மகளுக்குக் கல்யாணம், அதற்குள் 74 கிலோ 64 ஆகிவிட வேண்டும். “யூடியூப்ல ஒரு பொண்ணு ஒரே மாசத்துல பன்னெண்டு கிலோ குறைச்சிருக்கா தம்பி. எனக்கு ஆறு மாசம் இருக்கு, பத்து குறையாதா?” சாயங்கால டீயோடு அவருக்குச் சொன்ன பதிலை இங்கே கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன். இதே கணக்கை மனதில் போட்டுக்கொண்டு இன்றைக்கு எத்தனையோ பேர் பட்டினி கிடக்கிறார்கள், அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

முதலில் அந்தப் பன்னிரண்டு கிலோ. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. ஐம்பதை நெருங்கும், வீட்டு வேலையோடு இருக்கும், அண்ணி எடையுள்ள ஒரு பெண்மணியின் உடல் நாளொன்றுக்குச் செலவழிப்பது ஏறக்குறைய 1,900 கலோரி. அப்படியென்றால் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் மட்டும் குடித்துக் கிடந்தாலும் கால் கிலோ கொழுப்புதான் கரையும். முப்பது நாளும் அப்படியே கிடந்தால்கூட எட்டு கிலோவைத் தொடாது. பிறகு பன்னிரண்டு எங்கிருந்து வந்தது? எடை மெஷின் பொய் சொல்லவில்லை. அது கொழுப்பை மட்டும் நிறுப்பதில்லை, அவ்வளவுதான். நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடல் கிளைகோஜன் என்ற வடிவில் கல்லீரலிலும் தசையிலும் சேர்த்து வைக்கிறது. அது மொத்தம் அரைக் கிலோ அளவுக்கு இருக்கும், அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறு, இட்லி, சப்பாத்தி எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் இந்தச் சேமிப்பு தீரும், தண்ணீரும் வெளியேறும், முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ இறங்கியதாகக் காட்டும். மறுபடி இரண்டு நாள் சோறு சாப்பிட்டால் அது திரும்பி வந்துவிடும். பட்டினி நீண்டால் தசையும் கரையும். விளம்பரத்தில் வரும் வேகமெல்லாம் பெரும்பாலும் இந்த முதல் வாரத்து வேகம்.

சரி, நியாயமான வேகம் எது? ஜிம்களில் இன்னும் ஒரு பழைய கணக்கு சொல்வார்கள். தினம் 500 கலோரி குறைத்தால் வாரம் அரைக் கிலோ குறையும், இப்படியே போனால் வருஷத்துக்கு இருபத்தைந்து கிலோ. இது தப்பு. எடை குறையக் குறைய, இலேசான உடலுக்குத் தேவையும் குறைகிறது. அதே உணவு முன்பு போலக் குறைக்காது. நாலு மாதம் நன்றாகப் போய்விட்டுப் பிறகு நின்றுவிடுகிறதே என்று பலர் புலம்புவது இதனால்தான். அப்போது அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்த கெவின் ஹாலும் அவர் குழுவும் இந்த மாற்றத்தையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டு 2011-ல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். அதிலிருந்து கிடைக்கும் எளிய விதி இது: தினசரி உணவில் நிரந்தரமாக 24 கலோரி குறைத்தால், கடைசியில் ஒரு கிலோ குறையும். அதில் பாதி குறைய ஒரு வருஷம். ஏறக்குறைய முழுதும் குறைய மூன்று வருஷம்.

அண்ணியின் பத்து கிலோவுக்கு இதைப் போட்டுப் பார்த்தோம். தினம் 240 கலோரி குறைய வேண்டும். ஒரு வருஷத்தில் ஐந்து கிலோ. தைக்குள் சுமார் மூன்று.

“மூணா?” என்றார். முகம் விழுந்துவிட்டது. “மூணு கிலோ குறைஞ்சா யாருக்குத் தெரியும்?”

இந்த ஏமாற்றத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முயற்சியைக் கொல்வது பெரும்பாலும் இதுதான். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கேரி ஃபாஸ்டர் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும், உடல் பருமனுக்குச் சிகிச்சை தொடங்கவிருந்த 60 பெண்களிடம் எவ்வளவு குறைந்தால் மனம் என்ன சொல்லும் என்று முன்கூட்டியே கேட்டு வைத்தார்கள். 1997-ல் அது வெளியானது. அந்தப் பெண்கள் ஆசைப்பட்டது தங்கள் எடையில் 32 சதவீதம் குறைய வேண்டும் என்று. 25 கிலோ குறைந்தால் ஏற்றுக்கொள்ளலாம், 17 கிலோதான் என்றால் ஏமாற்றம் என்றார்கள். 48 வாரச் சிகிச்சையில் சராசரியாகக் குறைந்தது 16 கிலோ. எந்த மருத்துவரும் கைகொடுத்துப் பாராட்டும் அளவு அது. ஆனால் அந்தப் பெண்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள், ஏமாற்றம் என்று தாங்களே குறித்துக் கொடுத்த எல்லையைக்கூடத் தொடவில்லை. பதினாறு கிலோவைக் கரைத்துவிட்டுத் தோற்றதாக எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போவது எவ்வளவு பெரிய அநியாயம்!

மூன்று கிலோ யாருக்குத் தெரியும் என்றால், இரத்தத்துக்குத் தெரியும். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 3,234 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2002-ல் வந்தது. அதில் வாழ்க்கை முறையை மாற்றிக்கொண்ட பிரிவினருக்கு வைத்த இலக்கு எடையில் ஏழு சதவீதம், வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி. அவ்வளவுதான். அவர்களில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை போட்டவர்களுக்கு 31 சதவீதம்தான் குறைந்தது. பிறகு அதே தரவுகளைப் பிரித்துப் பார்த்தபோது, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நோய் வரும் வாய்ப்பு 16 சதவீதம் குறைந்திருந்தது தெரிந்தது. அண்ணிக்கு ஏழு சதவீதம் என்பது ஐந்து கிலோ சொச்சம். நாங்கள் போட்ட ஒரு வருஷக் கணக்கும் கிட்டத்தட்ட அதுவே.

இதைவிட நமக்கு நெருக்கமானது சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வு. 531 பேர், எல்லோரும் சர்க்கரை நோயின் வாசலில் நின்றவர்கள். ஒரு பிரிவினருக்குச் சர்க்கரையும் எண்ணெயும் தீட்டிய தானியமும் குறைத்து நார்ச்சத்தைக் கூட்டச் சொன்னார்கள். உடலுழைப்பு இல்லாதவர்களை தினம் அரை மணி நேரம் வேகமாக நடக்கச் சொன்னார்கள். மூன்று வருஷத்தில் அவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. இதில் நான் அண்ணியிடம் இரண்டு முறை சொன்ன விஷயம் ஒன்று உண்டு: அவர்களுக்கு எடை சொல்லும்படியாகக் குறையவே இல்லை. முள் நகராத மாதத்திலும் உள்ளே வேலை நடக்கிறது.

அதனால்தான் வீட்டில் எடை மெஷினோடு ஓர் இன்ச் டேப்பும் வேண்டும். நம் ஊர் உடலுக்கு அது இன்னும் அவசியம். புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின் என்ற இரண்டு மருத்துவர்கள் 2004-ல் ‘லான்செட்’டில் தங்கள் இருவர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் 22.3. உடலில் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. அதுவும் வயிற்றைச் சுற்றி. இந்தியர்களுக்கு அந்தக் குறியீடு 23-ஐத் தாண்டினாலே கூடுதல் எடை, 25 என்றால் பருமன் என்று வரம்பை இறக்கியது இதையெல்லாம் பார்த்துத்தான். இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90. அதற்குள் இருக்கப் பார்ப்பது நல்லது.

இனி 240 கலோரி. அண்ணி வீட்டுச் சமையலறையில் அது எங்கே இருக்கிறது என்று தேடினோம். டீ கையிலேயே இருந்ததால் அங்கிருந்து ஆரம்பித்தோம். தினம் மூன்று டம்ளர், டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஒரு ஸ்பூனாக்கினால் நாளைக்கு மூன்று ஸ்பூன் மிச்சம், அதாவது 60 கலோரி. அடுத்தது எண்ணெய். எத்தனை ஸ்பூன் ஊற்றுகிறோம் என்று எந்த வீட்டிலும் யாருக்கும் தெரியாது. மாதம் எத்தனை பாக்கெட் என்று மட்டும் தெரியும். நாலு பேருக்கு நாலு லிட்டர். இதை மூன்று லிட்டராக்கினால் தலைக்கு, நாளைக்கு 70 கலோரி குறைகிறது, வீட்டில் இருக்கும் அத்தனை பேருக்கும். தாளிப்பைக் குறைப்பதா, பூரியை நிறுத்துவதா, அப்பளத்தைச் சுட்டுச் சாப்பிடுவதா என்பது சமைப்பவர் பாடு. மூன்றாவது, ஆறு மணி மிக்சர். ஒரு கைப்பிடி முப்பது கிராம் வரும், அதில் 150 கலோரி. வாரத்தில் ஐந்து நாள் வேண்டாம், இரண்டு நாள் இருக்கட்டும் என்றால் சராசரி 107. கூட்டினால் 237.

சோற்றில் கை வைக்கவில்லையே என்று அண்ணிக்கே ஆச்சரியம். வைக்கலாம், ஒரு கரண்டி சோற்றைக் குறைத்துப் பொரியலைக் கூட்டுவது நல்ல காரியம், பருப்பும் முட்டையும் தட்டில் ஏறினால் பசியும் தாங்கும். ஆனால் ஹாலின் கணக்கில் ‘நிரந்தரமாக’ என்று ஒரு சொல் இருக்கிறதே, அதைத் தள்ளிவிட முடியாது. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் பழைய எடை திரும்பும். அதனால் எதைக் குறைக்கும்போதும் கேட்க வேண்டிய கேள்வி, ‘இதை அஞ்சு வருஷம் கழிச்சும் செய்வேனா?’ என்பது. ராத்திரிக்கு வெறும் வெள்ளரிக்காய் என்று அண்ணி ஒரு யோசனை வைத்திருந்தார். அஞ்சு வருஷமா? முடியாது என்று அவரே சொல்லிவிட்டார். அப்படியானால் அது இன்றைக்கும் வேண்டாம்.

அவசரத்தின் விலை என்ன என்பதற்கும் ஹாலிடமே சான்று இருக்கிறது. அமெரிக்காவில் ‘தி பிக்கஸ்ட் லூசர்’ என்று ஒரு தொலைக்காட்சிப் போட்டி. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துப் பரிசோதித்து 2016-ல் எழுதினார்கள். போட்டியில் சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள் அவர்கள். அதில் 41 கிலோ திரும்ப வந்திருந்தது. சும்மா படுத்திருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியோ, அந்த உடலமைப்புக்கு இருக்க வேண்டியதைவிட தினம் 500 கலோரி குறைவாகவே நின்றிருந்தது.

ஒரு நாள் தவறினால்? கல்யாண வீட்டில் தவறாமல் இருக்குமா, தீபாவளி வேறு நடுவில் வருகிறது. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலி, புதுப் பழக்கம் ஒன்றைத் தொடங்கியவர்களைத் தொடர்ந்து கவனித்தார். யோசிக்காமலே செய்யும் நிலைக்கு வர நடுவாக 66 நாள் ஆனது; சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 வரை போகும் என்று கணக்கு காட்டியது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கத்தைக் கெடுக்கவில்லை. மூன்று வேளை லட்டு தின்ற மறுநாள் மெஷின் ஒன்றரைக் கிலோ கூட்டிக் காட்டினால் அது உப்பும் தண்ணீரும் வயிற்றில் இருப்பதும்தான். அவ்வளவு கொழுப்பு ஏற பதினோராயிரம் கலோரிக்கு மேல் மிகுதியாகத் தின்றிருக்க வேண்டும். ஆகவே எடையைக் காலையில் எழுந்து கழிப்பறை போய்வந்த பிறகு பாருங்கள், குறித்து வையுங்கள், அன்றைய எண்ணை நம்பாதீர்கள். ஏழு நாள் சராசரியை முந்தைய வாரத்துச் சராசரியோடு ஒப்பிட்டால் போதும். மாதவிடாய் நாட்களில் ஏறுவதும் இப்படித்தான் இறங்கிவிடும்.

நடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நடையால் மட்டும் எடை பெரிதாகக் குறையாது. குறைத்ததைத் தக்கவைக்க அது மிகவும் உதவுகிறது. வாரம் 150 நிமிடம், கூடவே இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது மாதிரி தசைக்கு வேலை. எடை குறைக்கும் ஊசி மருந்து பற்றியும் அண்ணி கேட்டார். செமாக்ளுடைட் என்ற அந்த மருந்தின் ஆய்வில் 68 வாரத்தில் 15 சதவீதம் குறைந்தது உண்மை. நிறுத்திய ஒரே வருஷத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததும் உண்மை. தேவைப்படுவோர் மருத்துவரிடம் பேசி எடுக்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. கல்யாணத்துக்காக எடுக்கும் மருந்து மட்டும் அது இல்லை. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துபோகக் கூடும். காரணமில்லாமல் எடை ஏறியிருந்தால் தைராய்டையும் ஒரு முறை பார்த்துவிடலாம்.

“அப்ப எதுலருந்து ஆரம்பிக்கறது?” என்றார்.

“எண்ணெயும் மிக்சரும் மளிகை லிஸ்ட்டுலயே முடிஞ்சுடும் அண்ணி. ஆவணி லிஸ்ட்டுல நாலுக்கு பதிலா மூணு பாக்கெட் எழுதுங்க. மிக்சர் சின்ன பாக்கெட்டா, வாரத்துக்கு ஒண்ணு வாங்குங்க. டீக்கு நாக்கு பழகணும். இந்த வாரம் ஒண்ணரை ஸ்பூன், பதினைஞ்சு நாள் கழிச்சு ஒண்ணு. மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை இடுப்பை அளந்து காலண்டர்ல எழுதுங்க. கல்யாண ஜாக்கெட்டுக்கு இப்பவே சின்ன அளவு குடுத்துடாதீங்க, மார்கழியில குடுத்தா போதும்.”