நாலு இடத்துக்கு ஓர் ஆள்

கல்யாண வீடுகளில் நேயர்கள் ஒருவரைப் பார்த்திருப்பார்கள். பந்தியில் பரிமாற ஆள் குறைந்தால் அவரைக் கூப்பிடுவார்கள். ஊர்வலத்துக்கு விளக்கு வந்து சேரவில்லை என்றாலும் அவரைத்தான் தேடுவார்கள். சமையற்காரருக்கும் சம்பந்திக்கும் சச்சரவு மூண்டால் சமாதானத் தூது போகிறவரும் அவரே. எல்லா வேலையும் அவருக்குத் தெரியும். ஆனால் போட்டோ பிடிக்கிற சமயத்தில் அவருக்கு மட்டும் நாற்காலி இராது!

ரக்பி ஆட்டத்தில் இத்தகைய ஒருவர் இருந்தார். அவர் பெயர் மைக் கேட். அவர் கதையைச் சொல்லுமுன், ஆட்டத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிடுகிறோம்.

ரக்பிப் பந்து முட்டை வடிவமானது. அதைக் காலால் உதைக்கலாம். கையில் எடுத்துக்கொண்டும் ஓடலாம். ஆனால் கையால் எறிவதானால், முன்பக்கம் எறியக் கூடாது. ஒரு கட்சிக்குப் பதினைந்து பேர். முன்வரிசையார் எட்டுப் பேரும் பலசாலிகள். முட்டி மோதிப் பந்தைக் கைப்பற்றுவது அவர்கள் தொழில். பின்வரிசையார் ஏழு பேருக்கும் ஓட்டம், உதை, யுக்தி மூன்றும் வேண்டும். ஆட்டத்தின் போக்கைத் தீர்மானிக்கிறவர் 'ஃபிளை ஹாஃப்'. நடுவில் நிற்பவர்கள் 'சென்ட்டர்'கள்; ஓரங்களில் பறப்பவர்கள் 'விங்'குகள். எல்லோருக்கும் பின்னால், கோட்டை வாசலைக் காக்கும் சேவகனைப் போலத் தனியே நிற்பவர் 'ஃபுல் பாக்'.

இந்த ஆட்டத்துக்கும் நம் நாட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் போட்டியிட்டு வரும் கல்கத்தாக் கோப்பை, கல்கத்தாவிலிருந்த ஒரு வெள்ளைக்காரர் சங்கம் கலைந்தபோது பாங்கியிலிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்தது. அதன் பிடிகள் மூன்றும் நாகப் பாம்புகள். மூடியின்மேல் ஒரு யானை. நம் ரூபாயும் நம் யானையும் கடல் கடந்து போய் யாருடைய பந்தயத்துக்கோ பரிசாக நிற்கின்றன!

மைக் கேட் 1971-ம் வருஷம் தென்னாப்பிரிக்காவில் போர்ட் எலிசபெத் நகரத்தில் பிறந்தார். தாயார் இங்கிலாந்து தேசத்தவர். 1992-ல் அவர் இங்கிலாந்து சென்று, பாத் நகரத்துச் சங்கத்தில் சேர்ந்தார். 1994-ல் தாயார் வழி உரிமையால் இங்கிலாந்து தேசீய அணியில் இடம் பெற்றார். ஃபிளை ஹாஃப், சென்ட்டர், ஃபுல் பாக், விங் என்று நாலு இடங்களிலும் நின்று ஆடக்கூடியவர் என்பதே அவருடைய பெருமை. அதுவே அவருடைய சங்கடமும் ஆயிற்று.

1995 ஜூன் 18-ந் தேதி, அவர் பிறந்த நாட்டிலேயே, கேப் டவுன் நகரத்தில் உலகக் கோப்பையின் அரை இறுதிப் பந்தயம் நடந்தது. எதிர்க் கட்சி நியூஜிலாந்து. அன்று அவர் ஃபுல் பாக். நியூஜிலாந்தின் விங் ஆட்டக்காரர் ஜோனா லோமு இருபது வயது வாலிபர். ஆறடி ஐந்து அங்குல உயரம். நிறையோ நூறு கிலோவுக்கு மேல். பந்தயம் ஆரம்பித்துச் சில நிமிஷங்கள்கூட ஆகவில்லை. பந்தைப் பற்றிய லோமு, தடுக்க வந்தவர்களைக் கடந்து பாய்ந்தார். எஞ்சி நின்றவர் மைக் கேட் ஒருவரே. அவர் ஓடி ஒளியவில்லை, எதிரே நின்றார். லோமு அவரைச் சுற்றிக்கொண்டு போகவில்லை. அவர் மேலேயே மிதித்துக்கொண்டு போய்விட்டார். அன்று லோமு நாலு முறை எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றினார். 45-க்கு 29 என்ற கணக்கில் இங்கிலாந்து தோற்றது.

யானைக்கும் அடி சறுக்கும் என்பது பழமொழி. இங்கே யானைக்கு அடி சறுக்கவில்லை; அதன் எதிரே நின்ற மனிதர்தான் விழுந்தார். அந்தக் காட்சியை உலகம் திரும்பத் திரும்பப் பார்த்துச் சிரித்தது. மைக் கேட் என்றாலே, லோமுவின் காலடியில் கிடந்தவர் என்று ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு இரண்டே மாதத்தில், 1995 ஆகஸ்டு மாதம், நூறு வருஷத்துக்கு மேல் பணம் வாங்காமல் ஆடவேண்டும் என்றிருந்த விதி நீங்கிற்று. ரக்பி ஒரு ஜீவனோபாயமாயிற்று. சம்பளம் என்று வந்துவிட்டால், எந்த இடத்தில் நிற்கச் சொன்னாலும் நிற்கக்கூடியவரை யஜமானர்கள் விடுவார்களா? ஒரு பந்தயத்தில் இங்கே, மறு பந்தயத்தில் அங்கே என்று மைக் கேட் மாற்றப்பட்டு வந்தார். 1997-ல் பிரிட்டிஷ், ஐரிஷ் சிங்கங்கள் என்னும் கூட்டணி தென்னாப்பிரிக்கா சென்றபோது முதல் ஜாபிதாவில் அவர் பெயர் இல்லை. ஒருவர் காயமடைந்தார், இவருக்கு அழைப்புப் போயிற்று. மூன்றாவது டெஸ்ட் பந்தயத்தில் ஃபிளை ஹாஃபாக நின்றார். 1998 ஜனவரியில் பாத் சங்கம் ஐரோப்பியக் கோப்பையை 19-க்கு 18 என்று ஒரே புள்ளி வித்தியாசத்தில் வென்றபோதும் அவர் அதே இடத்தில் ஆடினார்.

2003-ம் வருஷம் ஆஸ்திரேலியாவில் உலகக் கோப்பை. கால் இறுதிப் பந்தயத்தின் பாதியில், வேல்ஸ் கட்சி 10-க்கு 3 என்று முந்தி நின்றது. இங்கிலாந்தின் ஃபிளை ஹாஃப் ஜானி வில்கின்சன்மேல் எல்லாப் பாரமும் விழுந்திருந்தது. இடைவேளைக்குப் பின் மைக் கேட் இறக்கப்பட்டார். நீண்ட உதைகளால் பந்தை எதிரியின் எல்லைக்குள் அனுப்பி, வில்கின்சனின் சுமையில் பாதியைத் தாம் வாங்கிக்கொண்டார். இங்கிலாந்து 28-க்கு 17 என்று ஜயித்தது.

நவம்பர் 22-ந் தேதி, சிட்னியில் ஆஸ்திரேலியாவுடன் இறுதிப் பந்தயம். அதிகப்படி நேரத்தின் கடைசியில் வில்கின்சன் வலது காலால் உதைத்த உதை 20-க்கு 17 என்று ஆக்கியது. அதை உலகம் அறியும். ஆனால் ஆட்டம் இன்னும் முடியவில்லை. அரை நிமிஷத்துக்கும் குறைவான நேரம் பாக்கி இருந்தது. ஆஸ்திரேலியர் உதைத்த பந்தை இங்கிலாந்தார் பிடித்தார்கள். அது கடைசியில் ஒருவரிடம் வந்தது. அவர் அதை மைதானத்துக்கு வெளியே உதைத்துத் தள்ளினார், விஸில் ஊதிற்று. அப்படி உதைத்தவர்தான் மைக் கேட். தேறின பந்தயத்தைத் தாழ்ப்பாள் போட்டுப் பூட்டினவர் அவர்!

நாலு வருஷம் கழிந்தது. 2007 செப்டம்பரில் இங்கிலாந்து தென்னாப்பிரிக்காவிடம் 36-க்கு 0 என்று படுதோல்வி அடைந்தது. அன்று ஃபிளை ஹாஃப் இடத்தில் நின்றவர் மைக் கேட். இத்துடன் அவர் காலம் முடிந்தது என்று பலர் எண்ணியிருப்பார்கள். ஆனால் ஐந்து வாரத்தில் அதே இங்கிலாந்து இறுதிப் பந்தயத்துக்கு வந்து நின்றது. பாரிஸ் அருகே, அக்டோபர் 20-ந் தேதி, எதிரே மறுபடியும் தென்னாப்பிரிக்கா. பிறந்த மண்ணுக்கு எதிராகத் தாயின் நாட்டுக்காக அவர் சென்ட்டராக ஆடினார். வயது 36, அன்றுவரை உலகக் கோப்பை இறுதிப் பந்தயம் ஆடியவர்களில் அவரே மூத்தவர். 15-க்கு 6 என்று இங்கிலாந்து தோற்றது. இங்கிலாந்துக்காக 75 டெஸ்ட் பந்தயங்கள் ஆடிய அவர், அத்துடன் தேசீய அணியிலிருந்து விடைபெற்றார். பிற்பாடு பயிற்சியாளராகி, இங்கிலாந்து, இத்தாலி, அயர்லாந்து அணிகளுக்குப் பந்தைக் கொண்டு தாக்கும் வித்தையைக் கற்பித்தார். லோமு 2015-ல் காலமானார்.

பிறந்த நாட்டை எதிர்த்து ஒருவர் ஆடலாமா என்று சிலர் கேட்கலாம். தாயின் நாடும் நாடுதானே என்பது நம் எண்ணம். நம்மைக் கவர்ந்த விஷயம் வேறு. உலகமே பார்த்துச் சிரிக்கும்படி விழுந்த மனிதருக்கு, முகத்தை மூடிக்கொண்டு வீட்டில் உட்கார நியாயமிருந்தது. அவரோ மறுபடி எழுந்து, எந்த மூலையில் நிற்கச் சொன்னாலும் நின்று, பன்னிரண்டு வருஷம் கழித்தும் இறுதிப் பந்தயம் ஆடினார். எடுபிடி ஆள் என்று எண்ணப்பட்டதையே தமது பலமாக்கிக்கொண்டார்.

இனி நம் வீட்டுக் கல்யாணங்களில் போட்டோ பிடிக்கும்போது, ஒரு நாற்காலி அதிகமாகப் போட்டு வைப்போம்.